மேலப் பக்கம் டவர் கிடைக்கும்

சாதியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையாவது பார்த்து "இது ஏன் இப்படி இருக்கு?" என்று மனசில் பட்டுவிட்டால் அவ்வளவுதான், பதில் தெரிகிறவரை சோறு தண்ணி இறங்காது. சின்ன வயதில் இந்தக் குடைச்சலுக்காக உம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அதே குடைச்சலுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வாஷியில் ஒரு செல்போன் கம்பெனியில், எங்கே டவர் நட்டால் யாருக்கெல்லாம் எட்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை.

டவர் நடுவது என்றால் ஓர் ஆளை அனுப்பி, உயரமான கட்டடமாகப் பார்த்து, ஏறி நட்டுவிட்டு வருவது என்றுதானே நாம் நினைப்போம்? அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. ஆகாயத்திலிருந்து சாட்டிலைட் எடுத்த படத்தை விலைக்கு வாங்குகிறார்கள். கூடவே தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று உயரக் கணக்கும் வருகிறது. இரண்டையும் கம்ப்யூட்டருக்குள் போட்டு, "இங்கே ஒரு டவர்" என்று புள்ளி வைத்தால், அது ஊர் முழுக்க வர்ணம் பூசிக் காட்டும். பச்சை என்றால் நன்றாகக் கேட்கும். மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டியதுதான்.

அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு சின்னக் கம்பம்தான் பாக்கி இருந்தது. பெரிய டவர் இல்லை. தெருவிளக்குக் கம்பம் உயரத்தில், ஒரு சந்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும் எட்டுகிற குட்டி டவர். அதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் ஆபீசில் பேச்சு. செம்பூரில் ஒரு புது அடுக்குமாடிக்காரர்கள், லிஃப்டுக்குள் போனால் போன் கட்டாகிறது என்று மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாராவியில் ஒரு சந்திலிருந்து ஒரே ஒரு மனிதர் கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டுத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார்.

"செம்பூருக்கே குடுத்துடலாம்," என்றார் ஜம்பு சார். முழுப் பெயர் ஜம்புநாதன். சாதியாவுக்கு மேலதிகாரி, மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். "தாராவியைப் பாரு. மருந்துக்குக்கூட மஞ்சள் கிடையாது. எங்க பில்டிங் மொட்டை மாடில நம்ம டவர் என்ன சும்மாவா நிக்கறது? அங்கேர்ந்து நேரா அடிக்கறது. அந்த மனுஷனோட போன்தான் ஓட்டையா இருக்கும்."

அது உண்மைதான். தாராவியின் அந்தப் பக்கத்துக்குப் போன் எட்டுவது முக்கால்வாசியும் மாட்டுங்காவில் ஜம்பு சார் வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் டவரிலிருந்துதான். அங்கிருந்து மேற்கே ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திரையில் தாராவி முழுக்கப் பச்சைப் பசேலென்று கிடந்தது. இவ்வளவு பச்சை இருக்கும் இடத்திலிருந்து ஒருவர் ஏன் இவ்வளவு திட்ட வேண்டும்? சாதியாவுக்குக் குடைய ஆரம்பித்துவிட்டது.

திட்டினவர் பெயர் மாரிசெல்வம். அவர் நம்பருக்குக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. டீ குடித்துவிட்டு வந்து கூப்பிட்டாள். அப்போதும் எல்லைக்கு வெளியே. புகார் உண்மை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்! சாயங்காலம் ஒரு வழியாக மணி அடித்தது.

"ஏ யம்மா, இப்பதான் ஒங்களுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றது குரல். அச்சு அசல் திருநெல்வேலி. சாதியாவின் வாப்பா மன்சூர் அலியும் அந்த ஜில்லாதான், மேலப்பாளையம். ஆனால் சாதியா பிறந்ததிலிருந்து வாஷிக்குப் பக்கத்துக் கோபர்கைரனேயில்தான். வீட்டில் பாதித் தமிழ், பாதி இந்தி. ஊருக்கு இரண்டு கல்யாணத்துக்குப் போனதோடு சரி. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"சார், உங்க சந்துல எங்க கிடைக்குது, எங்க கிடைக்கல, கொஞ்சம் டீடெய்லா சொல்லுங்க."

"டீடெயிலு என்ன டீடெயிலு? வீட்டுக்கு மேலப் பக்கம் டவர் நல்லாக் கெடைக்கு. கீழ சுத்தமாக் கெடையாது. அதான் பானுவ மேலயே ஒக்கார வச்சிருக்கேன்."

"பானு யாரு?"

"எம் பொஞ்சாதி. பானுமதி. அவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு மேடம்."

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு சாதியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பானுமதிக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மாற்றுக் கிட்னிக்குப் பேர் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கேயாவது மூளைச்சாவு ஆனவருடைய கிட்னி பொருந்தி வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். உடனே எடுக்க வேண்டும், உடனே கிளம்ப வேண்டும். எடுக்காவிட்டால் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஆயிற்று. பானுமதியின் முறை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். போன் வீட்டுக்குள் அலமாரி மேல் சும்மா கிடந்தது. மாரிசெல்வம் அதையும் எடுத்துக்கொண்டு பால் வாங்க வெளியே போனபோது, தவறிய அழைப்புகளின் மெசேஜ் வரிசையாக வந்து விழுந்தது. திரும்பக் கூப்பிட்டால், கிட்னி வேறொருவருக்குப் போய்விட்டது.

"அன்னைலேந்து அவ மேலதான் மேடம். டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் போனைக் கையில புடிச்சுக்கிட்டு மேலயே இருக்கா. நான் பை தைச்சு முடிச்சிட்டுப் போயி மாத்தி விடுதேன்."

"மேல வெயிலா இருக்குமே சார்!"

"இருக்கத்தான் செய்யும். ஒரு கொடையக் கட்டி வச்சிருக்கேன்."

சாதியாவின் கண் முன்னால் எல்லாம் வந்து நின்றது. சிமெண்ட் ஷீட் கூரை, மே மாசத்து வெயில், இரும்பு ஏணியில் ஏற்றிவிடப்பட்ட ஒரு நோயாளிப் பெண், ஒரு குடை. சே, என்ன பிழைப்பு இது! போனை வைத்தவள் திரையில் தெரிந்த அந்தப் பச்சையை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அது பொறி தட்டியது. கூரைக்கு மேலே கிடைக்கிறது, கீழே கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் நன்றாகக் கிடைக்கும் என்கிறது. அப்படியானால் கம்ப்யூட்டர் பார்ப்பது கீழே இருப்பவர்களை இல்லையே, மேலே இருப்பவர்களை அல்லவா?

மவுசை நகர்த்தித் தாராவிக்கு நடுவே ஓடும் 90 அடி ரோட்டின் மேல் வைத்தாள். தரை உயரம் நாலு மீட்டர் என்று காட்டியது. ஒரு இழை நகர்த்திப் பக்கத்துச் சந்துக்குள் வைத்தாள். பத்து மீட்டர். திரும்ப ரோடு, நாலு. திரும்பச் சந்து, பத்து. அடேயப்பா! ரோட்டிலிருந்து சந்துக்குள் நுழைய மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பாறையா ஏற வேண்டும்? தாராவி ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்த இடம். அங்கே ஏது மலை?

உயரக் கணக்கை விற்கிற கம்பெனி என்ன செய்கிறது தெரியுமா? சாட்டிலைட்டுக்குத் தெரிவது கூரையும் மரமும்தான். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கும் காலி இடத்தில் தரை தெரியும் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு, கூரைகளைக் கழித்துவிட்டுத் தரையைக் கணக்குப் போடுகிறது. மற்ற ஊருக்கு அது சரி. தாராவியில் காலி இடத்துக்கு எங்கே போவது? இரண்டு கையையும் நீட்ட முடியாத சந்து, அதற்கும் மேலே நீலத் தார்ப்பாய். வானத்திலிருந்து பார்த்த சாட்டிலைட்டின் கண்ணில் தரை படவே இல்லை. ஆகவே கூரையையே தரை என்று எழுதிவிட்டது.

அவ்வளவு சனமும் கூரை மேல் குடியிருப்பதாக, கூரை மேல் நின்று போன் பேசுவதாக, இத்தனை வருஷமாக இந்தக் கம்பெனி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது! சாதியாவுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து இரண்டு நடை நடந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போல இருந்தது.

கேன்டீனில் ஜம்பு சார் வழக்கமான புலம்பலில் இருந்தார். "சாயங்காலம் பால்கனில ஒக்காந்து சூரியன் அஸ்தமிக்கறதைப் பார்த்துண்டே ஒரு காப்பி. அது ஒண்ணுதான் எனக்கு சொகம். அதுக்கும் வெச்சான் பாரு ஆப்பு. இருபது மாடியோ என்னமோ ஒரே வருஷத்துல எழுப்பிட்டான். நாலு மணிக்கே எங்காத்துல லைட்டைப் போட வேண்டியிருக்கு." ஆபீசில் இதைக் கேட்காத ஆளில்லை. சாதியா அதைக் காதிலேயே வாங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவர் காப்பிக்கு முன்னால் வைத்தாள்.

சொல்லச் சொல்ல ஜம்பு சாரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"அட ராமா! அப்போ நம்ம கணக்குல தாராவில எல்லாரும் கூரை மேல நடந்துண்டிருக்கா!"

"ஒரு கிட்னி பேஷண்ட் நிஜமாவே கூரை மேலதான் சார் உக்காந்திருக்காங்க." பானுமதியின் கதையைச் சொன்னாள். ஜம்பு சார் காப்பியை மறந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், பச்சையைக் கண்டால் நம்பிவிடுவார், அதுதான் குறை.

இரண்டு நாள் உட்கார்ந்து தாராவியின் தரையைக் கீழே இறக்கினாள். கூரைகளைக் கூரைகளாகவும் சந்துகளைச் சந்துகளாகவும் மாற்றி, மறுபடி வர்ணம் பூசச் சொன்னாள். பச்சை வடிந்து மஞ்சள் பரவியது. மாரிசெல்வத்தின் சந்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. எங்கே கம்பம் நட்டால் நல்லது என்று கேட்டதற்கு, 90 அடி ரோட்டில் சந்து திறக்கிற மேற்கு முனையைக் காட்டியது கம்ப்யூட்டர். கிழக்கு முனையை மாட்டுங்கா டவர் ஓரளவு பார்த்துக்கொள்ளும், மேற்கு முனையில் ஒரு கம்பம் வைத்தால் இரண்டும் நடுவில் சந்தித்துக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. குற்றமில்லாத கணக்கு. ஜம்பு சார் கையெழுத்துப் போட்டார். செம்பூர் லிஃப்டுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் போனது.

வேலை தொடங்கும் நாளில் சாதியாவுக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. கூரை மேல் உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவைப் பார்த்து, இனி இறங்கி வரலாம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, ஆட்டோவில் போய்ச் சேர்ந்தாள்.

சந்தின் வாயில் ஒரே கூச்சல். கடப்பாரையோடு மூன்று பேர் நிற்க, அவர்கள் தோண்ட வேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஒரு பெண். தலைக்கு மேல் மின்சாரக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய கறுப்புக் குடை. கழுத்தில் ஒரு பை, பைக்குள் செல்போன்.

"மௌஷி, குர்சி ஹடாவ் நா! டவர் லகானா ஹை," என்று, டவர் நட நாற்காலியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார் மேஸ்திரி.

"நை ஹடாயேகா! இதர் ஹீ டவர் மில்தா ஹை!" எடுக்க மாட்டாளாம், இங்கேதான் டவர் கிடைக்கிறதாம். அந்தப் பெண் கழுத்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கி இருந்தது. இடது முழங்கையின் உள்பக்கம் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்துப் போயிருந்தது.

சாதியா கிட்டே போனாள். "அக்கா, நீங்க... பானுமதி அக்காவா? மாரிசெல்வம் சார் வீட்ல?"

"ஆமா. நீங்க யாரு?"

"கம்பெனிலேர்ந்து வர்றேன். சாதியா. ஏன்க்கா இங்க உக்காந்திருக்கீங்க? மேல இல்ல உக்காந்திருப்பீங்கன்னு சார் சொன்னாரு?"

பானுமதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மேலதான ஒக்காந்திருக்கேன்."

"இல்லக்கா, மேல. கூரை மேல. மாடில."

"மாடியா!" வீங்கின முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாருக்கே! எங்க வீட்டு மாடியில இருக்கது பை தைக்குத பட்டறை, எங்கள அதுல ஏற விடுவானா அந்த மொதலாளி? நான் ஏணி ஏறுத நெலமையிலயா இருக்கேன்? மேலன்னா மேலப் பக்கம் மேடம். மேக்க. இந்தா ரோடு இருக்குல்ல, இது மேல. எங்க வீடு அந்தக் கடைசில, அது கீழ. கெழக்க."

சாதியாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மேல என்றால் மேற்கு. கீழ என்றால் கிழக்கு. இத்தனை வருஷமாக வாப்பாவின் ஊர் எது என்று யார் கேட்டாலும் மேலப்பாளையம், மேலப்பாளையம் என்று வாய் கிழியச் சொல்லியிருக்கிறாளே! இரண்டு கல்யாணத்துக்குப் போய் வந்தாளே, அங்கே ஏறுவதற்கு ஒரு திட்டாவது இருந்ததா? உள்ளங்கை மாதிரிச் சமதரை. அதை ஏன் மேலப்பாளையம் என்கிறார்கள் என்று, எதையெல்லாமோ குடைந்த இந்தப் புத்தி ஒரு நாளாவது குடைந்ததா? கடப்பாரைக்காரர்கள் மட்டும் இல்லாவிட்டால் தன் தலையிலேயே குட்டிக்கொண்டிருப்பாள்.

வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. தன் போனை எடுத்துப் பார்த்தாள். ஃபுல் டவர். 90 அடி ரோட்டில் தள்ளி நிற்கும் கம்பெனியின் இன்னொரு டவர், ரோடு திறந்து கிடப்பதால், கம்ப்யூட்டர் நினைத்ததைவிட நன்றாகவே இங்கே எட்டுகிறது. டவர் ஏற்கெனவே கிடைக்கிற இடத்தில், பானுமதியின் நாற்காலியை நகர்த்திவிட்டு, கம்பெனி இன்னொரு டவரை நடப்போகிறது. நட்ட பிறகு? பானுமதி நாற்காலியைக் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் நடக்கும்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் மேஸ்திரியிடம் இந்தியில். "நான் சொல்ற வரைக்கும் தோண்டாதீங்க."

போனைப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் நடந்தாள். தையல் மிஷின்களின் சத்தம் இரண்டு பக்கமும். தலைக்கு மேல் தார்ப்பாய், வயர்கள், காயப்போட்ட துணிகள். அவள் நினைத்தது சரிதான், இங்கே வானத்துக்குத் தரை தெரியாது. ஆனால் டவர்? பாதிச் சந்துவரை நன்றாக இருந்தது. கூரைக்குக் கீழேதான் நடக்கிறாள், இருந்தும் இருந்தது. அதைத் தாண்டினதும் குறைந்தது. மாரிசெல்வத்தின் வாசலுக்கு வரும்போது சுத்தமாகச் செத்துவிட்டது.

ஆக, குற்றம் கூரையில் மட்டும் இல்லை. கிழக்கே இருந்து வர வேண்டியதை எதுவோ மறிக்கிறது. மாட்டுங்கா டவர் என்ன ஆயிற்று?

மாரிசெல்வம் தையலை விட்டுவிட்டு வெளியே வந்தார். ஒல்லியான ஆள், காதில் பென்சில். "வந்திட்டியளா மேடம்! பாத்தியளா, நான் சொன்னேம்லா, கீழ ஒண்ணும் கெடையாது."

"சொன்னீங்க சார். நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்." அவள் கடைசி வீட்டையும் தாண்டி, சந்து முடிகிற இடத்துக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள்.

வானம் இல்லை. ஒரு சுவர்தான் இருந்தது. பச்சை வலை போர்த்திய, பாதி கண்ணாடி பதித்த கட்டடம், மாடி மேல் மாடியாக ஏறிக்கொண்டே போயிற்று. எண்ணிப் பார்க்கக் கழுத்து வளையவில்லை.

"இது எப்ப சார் வந்துச்சு?"

"இதா? போன வருசம். கெடுகெடுன்னு கெட்டிட்டான். அதுக்கு முந்தி இங்க டவர் பிரச்சனையே கெடையாது மேடம்."

இருபது மாடியோ என்னமோ. ஒரே வருஷத்தில் எழுப்பிட்டான். சாதியாவின் காதில் ஜம்பு சாரின் புலம்பல் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

போனை எடுத்து அவரைக் கூப்பிடப் போனாள். டவர் இல்லை. இருக்காதே! சந்தில் திரும்பி ஓடினாள், தையல்காரர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்க்க, மேலப் பக்கத்தை நோக்கி ஒரே ஓட்டம். மூச்சு வாங்க வந்து நின்றவளைப் பார்த்ததும் பானுமதி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஒக்காந்து பேசுங்க மேடம். இதுலதான் ஒடையாமக் கேக்கும்."

நோயாளியை நிற்க வைத்துவிட்டு உட்கார முடியுமா? சாதியா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, குடைக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு பேசினாள்.

"சார், கம்பத்தை மாத்தணும். மேல வேண்டாம், கீழ வைக்கணும். அதாவது மேற்கு வேண்டாம், கிழக்கு."

"என்னம்மா விளையாடறியா?" ஜம்பு சாருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நேத்திக்கு மேலன்னே. இன்னிக்கு கீழங்கறே. நாளைக்கு என்ன, நடுவுலயா? சேங்க்ஷன் வாங்கி, ஆள் அனுப்பி, குழி தோண்டற நேரத்துல! இதுக்கு செம்பூருக்கே குடுத்திருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை, கம்பத்தைத் திருப்பி அனுப்பு."

பானுமதி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் பேசுவது அவளுக்கும் கேட்கிறது. சாதியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தான் தப்பாகக் கேட்டதை, மேல என்றால் மாடி என்று நினைத்ததை, ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டாள். ஜம்பு சார் மசியவில்லை. மேப் கிழக்கே ஓரளவு டவர் கிடைக்கும் என்கிறதே, நீயே திருத்தின மேப்தானே, உன் மேப்பை நீயே நம்பவில்லை என்றால் நான் எதை நம்புவது என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பால்கனிலேர்ந்து இப்ப சூரியன் தெரியுதா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நம்ம டவர் உங்க வீட்டு மொட்டை மாடிலதான் சார் நிக்குது. உங்களுக்கு சூரியன் தெரியலன்னா, அதுக்கு மட்டும் தாராவி எப்படி சார் தெரியும்?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. மவுசைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மேப்ல அந்தக் கட்டடம் இருக்கான்னு பாருங்க சார். சாட்டிலைட் படம் என்னிக்கு எடுத்ததுன்னு மூலைல சின்னதா போட்டிருக்கும்."

"இல்லைம்மா," என்றார் தேடிப் பார்த்துவிட்டு. குரல் இறங்கியிருந்தது. "கட்டடம் இல்லை. அந்த இடத்துல ஒரு காலி மைதானம் தெரியறது. படம் நாலு வருஷத்துக்கு முந்தினது. தினம் அந்தக் கட்டடத்தைத் திட்டிண்டே இந்தப் படத்தைப் பார்த்துண்டு ஒக்காந்திருக்கேனே, எனக்குன்னா உறைச்சிருக்கணும்! நீ அங்கேயே இரு. மேஸ்திரிகிட்ட போனைக் குடு."

நினைத்ததும் கம்பத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிழக்கே நட்டுவிட முடியுமா? இடம் மாறினால் மறுபடியும் முனிசிபாலிட்டி அனுமதி, மறுபடியும் கரண்ட் கனெக்‌ஷன். ஜம்பு சார் இந்தத் தடவை மெயில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தானே கிளம்பிப் போய் ஆபீஸ் ஆபீஸாக உட்கார்ந்தார். அப்படியும் வாரங்கள் ஓடின. மழைக்காலம் வந்துவிட்டது. பானுமதியின் கறுப்புக் குடை மழையில் நனைவதை நினைத்தால் சாதியாவுக்குக் கோபர்கைரனே வீட்டில் ஜன்னலோரம் உட்காரப் பிடிக்கவில்லை. அந்த வாரங்களுக்குள் போன் வந்துவிடுமோ, மழைக்கு ஒதுங்கின நேரமாகப் பார்த்து வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒரு நாள் மனசு கேட்காமல் வாப்பாவிடம் கேட்டாள், மேலப்பாளையத்துக்கு மேலப்பாளையம் என்று ஏன் பேர் வந்தது என்று. மன்சூர் அலி பேப்பரை இறக்கி மகளை விசித்திரமாகப் பார்த்தார்.

"மேக்க இருக்கு, அதான் மேலப்பாளையம். இது தெரியாமலா இவ்வளவு நாளா இருக்கே?"

"இப்பத் தெரிஞ்சுது வாப்பா," என்றாள்.

ஒருவழியாகச் சந்தின் கிழக்குக் கோடியில், மாரிசெல்வத்தின் வீட்டுக்கு எதிர்ச் சுவரோரம், கம்பம் ஏறியது. வாஷியிலிருந்து அதை உயிர்ப்பித்தார்கள். திரையில் ஒரு புது பச்சைப் பொட்டு தோன்றியது. பச்சையைப் பார்த்து ஏமாந்தவர்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டெஸ்ட் கால் போட்டுப் பாத்துடு," என்றார் ஜம்பு சார். "போன் அடிச்சாதான் எனக்கு நம்பிக்கை."

சாதியா பானுமதியின் நம்பரை அழுத்தினாள். முதல் மணி முடியவில்லை, எடுத்தாகிவிட்டது.

"ஹலோ, ஆஸ்பத்திரியா? பானுமதிதான் பேசுதேன். இந்தா கெளம்பிட்டோம், இப்பவே வந்திருதோம். ஏங்க, பைய எடுங்க! ஹலோ, வேற ஆளுக்குக் குடுத்திராதிய!"

சாதியாவுக்கு, அந்தப் போன் அடித்தால் அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று இவ்வளவு நாள் பழகியும் தனக்கு உறைக்கவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அக்கா... அக்கா, நான் சாதியா. கம்பெனிலேர்ந்து. மன்னிச்சிருங்கக்கா, டெஸ்ட்டுக்குத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம், தூரத்தில் மாரிசெல்வத்தின் குரல், "யாரு? யாரு?" என்றது. "டவர் மேடம்," என்று பானுமதி அவரிடம் சொல்வது கேட்டது.

"அக்கா, எங்கேர்ந்து பேசறீங்க? ரோட்ல இருக்கீங்களா?"

தான் எங்கே இருக்கிறோம் என்பது பானுமதிக்கே அப்போதுதான் தெரிந்தது போலும். குக்கர் விசில் ஒன்று போனுக்குள் சன்னமாகக் கேட்டது.

"இல்லம்மா," என்றாள் பானுமதி. மேடம் என்ற சொல் எங்கோ போய்விட்டது. குரல் உடைந்து, சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "வீட்டுக்குள்ள இருக்கேன். குக்கர எறக்க வந்தேன், அடுப்படியில. கீழதாம்மா இருக்கேன்."

"நல்லாக் கேக்குதாக்கா?"

"பக்கத்துல இருந்து பேசுத மாதிரி கேக்கு. சரி தாயி, வச்சிரு. வச்சிரு. ஆஸ்பத்திரிக்காரவுக கூப்பிட்டா பிஸின்னு வந்திரும்."

சாதியா சட்டென்று வைத்துவிட்டாள்.